மாமிக்கு வந்த வளைவு

"மாமி, கால்விரலால தோர்த்துத் துண்டைச் சுருட்டுனியளா, இல்லையா? கள்ளம் சொல்லப்பிடாது."

"சுருட்டினேன்டி கொழந்தே. தோர்த்துதான் சுருள்றது. என் பாதம் அப்படியே தோசையாட்டம் கிடக்கு." போனில் கரமனை கிருஷ்ணவேணி மாமி சிரித்தாள்.

நீதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாறசாலையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, டாக்டர் சபீனாவின் பிசியோதெரபி கிளினிக்கில் மூன்று மாதத் தற்காலிக வேலை பார்க்கிறாள். ஒருவரையாவது தேற்றிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். அவளை நம்பி டாக்டர் ஒப்படைத்த ஒரே ஆள், தட்டைப் பாதமும் குதிகால் வலியுமாக வந்த இந்த மாமி.

மாமியால் அடிக்கடி பஸ் ஏற முடியாது. அதனால் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்து, ஞாயிறுதோறும் பாதத்தை நனைத்துத் தரையில் மிதித்து, அந்தத் தடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாள் நீது. தண்ணீர் சட்டென்று காய்ந்துவிடுகிறது என்று மாமி அரிசிமாவைக் கரைத்து மிதித்து அனுப்பினாள். ஒவ்வொரு வாரமும் பாதம் முழுசாகப் பதிந்திருந்தது. உள்பக்கம் வளைவு என்று ஒன்று இல்லவே இல்லை.

"குதிகாலைத் தூக்கி இருபது தடவை நிக்கச் சொன்னேனே மாமி?"

"நிக்கறேனே. நாலாவது தடவைக்குள்ள குக்கர் கூப்பிட்டுடறது."

"எப்பப் பாத்தாலும் குக்கர் தானா?"

"நீ வந்து சமைச்சுப் போடு. நான் நாள் பூரா நுனிக்கால்ல நிக்கறேன்."

இரண்டு மாதம் இப்படியே ஓடிற்று. ஒரு நாள் நீது உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"மாமி, உங்க காலு நேராவலைன்னா டாக்டர் என்னைப் போவச் சொல்லிருவாவ. எத்தனை இடத்துல அலைஞ்சு கிட்டின வேலை தெரியுமா?"

மறுமுனையில் மாமி அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அசடு, இதை முதல்லயே சொல்லப்படாதோ? வளைவுதானே வேணும்? வந்துடும், போ."

வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு தடத்தின் உள்பக்கம் லேசாக ஒடுங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நான்காவது வாரம், சிவப்புத் தரையில் வெள்ளை வெளேரென்று ஒரு பாதம், அளவெடுத்த மாதிரி வளைவு, மேலே முத்து முத்தாக ஐந்து விரல். நீது போனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

"இப்ப நடந்தா வலிக்குதா மாமி?"

"அதையெல்லாம் எதுக்குக் கேக்கறே? வளைவைப் பாரு."

டாக்டர் சபீனா முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாறி மாறிப் பார்த்து மெச்சினார்.

"கொள்ளாமல்லோ நீது. ஒண்ணாம் தேதி முதல் நீ இவிடெ ஸ்திரம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது. நீது கால் தரையில் பாவாமல் வரவேற்பு மேஜைக்கு ஓடினாள். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து வரும் நாகலக்ஷ்மிதான் அங்கே சீட்டு எழுதுகிறவள்.

"அக்கா, இந்தப் பாதத்தைப் பாருங்க. எல்லாம் எனக்க கைவேலையாக்கும்."

நாகலக்ஷ்மி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"கைவேலை நன்னாத்தான் இருக்கு. ஆனா கிருஷ்ண ஜெயந்திக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, அதுக்குள்ள யாராத்துல மாவுல கையை மடக்கிக் குத்தி, கிருஷ்ணன் கால் வச்சிருக்கா?"