நாங்கள், நாம்

கட்டுரையின் பாதியில் 'நாங்கள்' காணாமல் போயிருந்தது.

இதழின் உதவி ஆசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டு முந்தைய பக்கத்துக்குப் போனாள். அங்கே இருந்தது. 'நாங்கள் நாவல்களின் உரையாடல்களை எடுத்துக்கொண்டோம்.' 'அவற்றில் கேள்விகளை மட்டும் நாங்கள் தனியே பிரித்தோம்.'

பிற்பாதியில் எல்லாம் 'நாம்'.

இலக்கியத்தின் மொழிநடையை ஆராயும் இதழ் அது. மற்ற இதழ்களில் யாரும் கண்டுகொள்ளாத ஒற்றுப்பிழைக்கு இங்கே வாசகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஒருவர் எழுதினால் 'நான்'. இருவர் எழுதினால் 'நாங்கள்'.

இதை எழுதியவர்கள் கணவனும் மனைவியும். இருவரும் பேராசிரியர்கள். நாவல்களில் பதில் வராமல் போகும் கேள்விகளைப் பற்றிய கட்டுரை.

ஒரு கருத்தரங்கில் அவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கணவர் தொடங்கிய வாக்கியத்தை மனைவி முடித்தார். மனைவி தொடங்கியதைக் கணவர் கெடுத்தார். அரங்கு சிரித்தது. அவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் பேசுவதே அப்படித்தான்.

எழுத்திலும் எந்த வரி யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் இதைக் கோட்டைவிடுவார்களா?

கட்டுரையை மதிப்பிட்டவர்கள் மாற்றச் சொல்லியிருப்பார்களோ என்று அவர்களுடைய குறிப்புகளைத் தேடி எடுத்தாள். ஒருவர் அடிக்குறிப்புகள் அதிகம் என்றிருந்தார். மற்றவர் போதாது என்றிருந்தார். 'நாம்' பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை.

இதழாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கையில் சிக்கிய கட்டுரை பாதியாகத்தான் வெளியே வரும் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"எல்லாத்தையும் 'நாங்கள்' ஆக்கிடும்மா. கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா மாறிடும். நாளைக்கு அச்சுக்குப் போகணும்."

உண்மைதான். நாம் பார்த்தோம், நாங்கள் பார்த்தோம். வினையைக்கூடத் தொட வேண்டாம்.

இருக்கைக்குத் திரும்பினாள். தட்டத்தான் மனம் வரவில்லை.

படிப்பவரையும் சேர்த்துக்கொண்டு 'நாம்' என்பது உண்டு. 'இங்கே நாம் கவனிக்க வேண்டியது' என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் இது அப்படி இல்லை.

'இந்த இடத்தில் நாம் அவசரப்பட்டுவிட்டோம்.'

படிப்பவர் எப்போது அவசரப்பட்டார்?

சற்றுத் தள்ளி, 'பதில் வரவில்லை என்பதாலேயே பதில் இல்லை என்று நாம் முடிவு கட்டினோம்.' அதற்கும் கீழே, பத்தியின் கடைசியில், 'நாம் மீண்டும் முதலிலிருந்து பார்க்கலாமா?'

ஆராய்ச்சிக் கட்டுரையில் யாரும் யாரையும் 'பார்க்கலாமா' என்று கேட்பதில்லை.

அலமாரியிலிருந்து பழைய இதழ்களை இறக்கி, அவர்கள் எழுதியதையெல்லாம் புரட்டினாள். தும்மல் வந்ததுதான் மிச்சம். எங்கும் 'நாங்கள்'. ஒரு 'நாம்' கூடக் கண்ணில் படவில்லை. சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமலே இருந்தாள்.

கட்டுரையை அனுப்பியவர் மனைவி. அவருக்கே போன் செய்தாள்.

"மேடம், ஒரு சின்னச் சந்தேகம். பிற்பாதியில 'நாம்'னு வருது. நீங்க அப்படி எழுத மாட்டீங்களே?"

"பிற்பாதி அவரோடது" என்றார் பேராசிரியை. பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்கிற குரலில் சொன்னார். "நாங்க இப்போ தனித்தனியா இருக்கோம்மா. ஒத்துக்கிட்ட கட்டுரை, முடிச்சுக் குடுத்துடலாம்னு ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிட்டோம். வீட்டுச் சாமானைப் பிரிச்ச மாதிரி. அவர் எழுதினதை நான் படிக்கல. வந்ததை அப்படியே உங்களுக்கு அனுப்பிட்டேன்."

உதவி ஆசிரியை பிற்பாதித் தாள்களை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன எழுதியிருக்கார்? படிங்க."

படித்தாள். அவசரப்பட்டதை, முடிவு கட்டியதை, பார்க்கலாமா என்று கேட்டதை. மெய்ப்புப் படிப்பதுபோல ஒரே குரலில் படிக்கத்தான் பார்த்தாள். கடைசி வரியில் குரல் தானாக இறங்கிவிட்டது.

மறுமுனையில் நாற்காலி ஒன்றை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது.

"கடைசி வரி, இன்னொரு தடவை."

படித்தாள்.

"எல்லாத்தையும் 'நாங்கள்'னே மாத்திடுங்கம்மா."

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. யாரோ இருவர், நமக்கென்ன வந்தது என்று நினைத்துக்கொண்டாள். அப்படியும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"சரிங்க மேடம்."

"அது என்னைக் கேட்டதும்மா. படிக்கிறவங்களை இல்ல. அதை எதுக்கு ஊருக்குப் போட்டுக் காட்டணும்? ஊருக்கு நாங்க 'நாங்கள்'தான்."

சிரிக்கிறாரா, மூக்கை உறிஞ்சுகிறாரா என்று போனில் பிடிபடவில்லை.

"அப்புறம், கட்டுரைக்கு அடியில ரெண்டு வீட்டு முகவரி இருக்கும் பாருங்க. என்னோடதை மட்டும் இப்பவே அச்சுக்கு விட்டுடாதீங்க. காலையில சொல்றேன்."

மாலையில் கத்தரி வந்து எட்டிப் பார்த்தார். முதல் பக்கத்திலிருந்து எல்லாம் விதிப்படி இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"முகவரி மாறலாம் சார்" என்றாள்.