நூற்றுப்பன்னிரண்டு அட்டைகள்

"மேடம், இதைப் போட்டோ எடுத்துக்கலாமா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். நூல் சேலை, தோளில் துணிப்பை, கையில் திரை விரிசல் விட்ட செல்போன்.

"எங்க ஊர்ல சாயங்காலம் புள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றேன். நாலு புள்ளைங்க இன்னும் எழுத்துக்கூட்டவே திணறுதுங்க. இதை வச்சா வந்துடும்."

"தாராளமா எடுத்துக்கோங்க."

காலையிலிருந்து முப்பது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பாள். மாவட்டத்துத் தமிழாசிரியர்கள் தங்கள் வகுப்பில் செய்து பார்த்ததை ஒருவருக்கொருவர் காட்டும் கண்காட்சி. இருபது மேசைகள், சிறந்ததற்குப் பரிசு. கூட்டம் அவள் மேசையில்தான்.

மேசை நிறைய அட்டைகள். நூற்றுப்பன்னிரண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் ஒரு படம், ஒரு சொல். பாத்தி. வரப்பு. வாளி. நண்டு. உப்பளத்துப் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கிறவை.

மேசை விளிம்பில் ஒட்டிய தாளில், 'ஆக்கம்' என்று போட்டு அவள் பெயர்.

அவள் செய்தவை அல்ல.

போன வருடம் நிரந்தரப் பணியில் உப்பளத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கு வந்தாள். முதல் வாரம் பீரோவைச் சுத்தம் செய்தபோது அடித்தட்டில் இந்த அட்டைகள் கட்டாகக் கிடைத்தன. பெயர் எதுவும் இல்லை.

"தற்காலிகமா ஒரு டீச்சர் இருந்தாங்க. நீங்க வந்ததும் நிறுத்திட்டோம்" என்றார் தலைமையாசிரியர்.

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்று மாதத்தில் வகுப்பில் ஏழு பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் அட்டைக்கட்டை வட்டார ஆசிரியர் கூட்டத்துக்கு எடுத்துப் போனாள்.

"நீங்களே செஞ்சீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது.

சிரித்தாள்.

அன்று மாலையே படங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயின. அவள் பெயரோடு. அங்கிருந்து எத்தனை பள்ளிகளுக்குப் போயினவோ, அவளுக்கே தெரியாது.

அந்தப் பெண் ஒவ்வோர் அட்டையாக எடுத்தாள். படம் பிடித்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். அவசரம் இல்லை. ஆனால் ஓர் அட்டையை மட்டும் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, படம் பிடிக்காமல் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றையும்.

வாளி. நண்டு.

கிழிந்துபோன இரண்டுக்குப் பதிலாக, பள்ளிக்கு வந்த பிறகு அவளே எழுதிச் சேர்த்தவை.



மேசை விளிம்பில் ஒட்டியிருந்த தாளில் அந்தப் பெண்ணின் கண் ஒருமுறை நின்றது. பிறகு வருகையாளர் நோட்டை இழுத்து எழுதினாள். பெயர் எழுதினாள். பள்ளி என்ற கட்டத்தைத் தாண்டினாள். கருத்து என்ற இடத்தில் ஒரே சொல்.

அழகு.

அட்டைகளில் இருக்கும் அதே ழகரம். அதை அவள் எத்தனை தடவை எழுதிப் பார்த்திருக்கிறாள். கீழே இறங்கி, இடப்பக்கம் வளைந்து, தூண்டில் முள்போல நிற்கும் வால். அவள் கைக்கு வந்ததே இல்லை.

"புள்ளைங்க நல்லா வாசிக்குதுங்களா, மேடம்?"

"வாசிக்கிறாங்க."

அந்தப் பெண் தலையசைத்தாள். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள்.

நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர். மூத்தவர் 'மழை' என்ற அட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பாடப்புத்தகத்துல மழைன்னா மயில் ஆடும். இதுல ஒரு பொம்பள உப்பைக் கீத்து போட்டு மூடிக்கிட்டிருக்கா. இது எப்படிம்மா தோணுச்சு உங்களுக்கு?"

இதற்குப் பதில் வைத்திருந்தாள். மூன்று நாளாக வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அவள் கரூர்க்காரி, உப்பளம் பார்த்து வளர்ந்தவள் இல்லை. முதலில் பார்த்தபோது படம் அவளுக்குப் புரியவே இல்லை. நான்காம் வகுப்புப் பெண் ஒருத்திதான் சொன்னாள். "மழை வந்தா உப்பு கரைஞ்சுடும் டீச்சர். அப்புறம் அம்மாவுக்கு வேலை இருக்காது."

நடுவர் காத்திருந்தார்.

"நான் செய்யல, சார்."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள்.

 வாட்ஸ்அப் குழுவில் அவளுக்கு 'அருமை' என்று எழுதியவர்களும் சுற்றி நின்றவர்களில் இருந்தார்கள்.

"பின்னே யாரு செஞ்சது?"

அடுத்த மேசையில் அந்தப் பெண் குனிந்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைக் கூப்பிட வாயெடுத்தாள்.

பெயர் தெரியவில்லை.

ஒரு வருடமாக அந்தக் கையெழுத்தை வைத்துப் பாடம் நடத்துகிறாள். நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது.

"தவச்செல்வி டீச்சர்."

அந்தப் பெண் உடனே திரும்பவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா மட்டும் நின்றது.

நடுவர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"பள்ளி போடலையே. எந்தப் பள்ளி அவங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அவங்க இடத்துலதான் நான் இருக்கேன், சார்."