சுத்தம் செய்த பிறகு

நிலத்துக்காரருக்குக் கம்பெனிமேல் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. எண்ணெய்க் கிணறு கசிந்து வயல் கறுத்து ஒரு மாசம் கழித்து, இன்று காலையில்தான் மண் அள்ளும் வண்டியை அனுப்பியிருந்தார்கள். அதற்குள் சூப்பர்வைசர், ‘சுத்தம் செய்து முடித்தாயிற்று’ என்ற தாளில் கையெழுத்து வாங்கக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். கூடவே ஒரு போட்டோ. பச்சைப் பசேலென்று புல்.

“யாரு காதுல பூ சுத்துற? இது எவன் நிலமோ!”

“உங்க வேலியைப் பாருங்கண்ணே.”

பார்த்தார். வேலி ஓட்டையை அடைக்கக் காலையில் அவர் கட்டிய புதுச் சிவப்புக் கயிறு, போட்டோவில் வெளுத்துத் தொங்கியது. வாசலில் நிற்கும் கோணல் மரமும் இருந்தது. மரத்துக்குப் பின்னால் வீடு மட்டும் இல்லை. அங்கேயும் புல்தான்.

“வீடு எங்கப்பா?”

சூப்பர்வைசர் பேனா மூடியைக் கழற்றி நீட்டினான். வெளியே, வண்டி வயலை விட்டு வாசல் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.