முதல் வாய்

படையல் இலைமேல் சன்னல் வெயில் விழுந்து, ஆட்டுக்கறிக் குழம்பின் எண்ணெய் மினுங்குகிறது. புக்கிட் பெலண்டோக் தோட்டத்து வீட்டில் இன்று ஆறுமுகத்துக்குப் பதினாறாம் நாள். நெஞ்சடைத்துப் போனவரின் படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் ஆவி பறக்கிறது. மூத்த மகன்தான் அந்த இலையிலிருந்து முதல் வாய் எடுக்கவேண்டும். பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. பாருங்கள் கண்ணுகளா, அந்த மகன் ஹேமநாதனுக்கும் போன மாதம்தான் இதயக் குழாயில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அவன் மனைவி புனிதா கீரைக் கூட்டை அவன் பக்கம் நகர்த்துகிறாள். "சின்ன மாமா, இவருக்குக் கறி வேணாம். வயித்துல இருக்கிற கிருமிங்க அதத் தின்னு என்னமோ உண்டாக்குதாம், அதுதான் ரத்தக்குழாய அடைக்குதாம். டாக்டர் சொன்னாரு." அவன் சித்தப்பா சடையன் சிரிக்கிறார். "வயித்துல கிருமின்னா பூச்சி மருந்து குடு லா!" கூடமே சிரிக்கிறது. மாமியார் முத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. "எம் புருசனுக்கும் ஒரு வருசமா இதத்தான சொன்ன? நாக்கு செத்துத்தான் போனாரு."

புனிதாவின் கை கூட்டுக் கிண்ணத்திலேயே நின்றுவிடுகிறது. ஹேமநாதன் யாரையும் பார்க்காமல் ஒரு கறித் துண்டை வாயில் வைக்கிறான். "அப்படித்தான் ஐயா" என்று சடையன் அவன் முதுகைத் தடவுகிறார். பெண்கள் பந்திக்கு இலை விரிக்கிறார்கள். புனிதா அவன் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரும் சொல்லாமலே, அவன் கை இரண்டாவது துண்டுக்கு நீள்கிறது.