மயோர்க்கா ரோலின் கடைசிப் படம்

10-12-1977, சனி.

இன்றைய தவறு: மூன்றாவது ஸ்லைடைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

கடல் மேலே, வானம் கீழே. டென்னிஸ் கிளப் ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள்.

வக்கீல் குட்டன் பிள்ளை இருட்டிலிருந்து மலையாளத்தில் கேட்டார்: "டாக்டரே, அவிடெ ஆளுகள் தலகீழாயிட்டாணோ நடக்குந்நது?"

டாக்டர் அனந்தபத்மநாபனும் சிரித்தார். லண்டனில் இருக்கும் மகள் அவரையும் மாமியையும் மயோர்க்கா என்ற ஸ்பெயின் தீவுக்கு அழைத்துப் போயிருந்தாள். அந்தப் படங்களை மெம்பர்களுக்குக் காட்டத்தான் இன்றைய கூட்டம். கிளப் குமாஸ்தா என்பதால் ப்ரொஜெக்டர் என் பொறுப்பு. இதற்காக டைப்ரைட்டிங் வகுப்புக்கு மட்டம் போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஸ்லைடையும் பல்பு வெளிச்சத்தில் பார்த்து, தலை எது கால் எது என்று உறுதி செய்துகொண்டுதான் போட்டேன்.

வெயில். வெள்ளைச் சுவர்கள். எலுமிச்சை மரங்கள். செம்மண் கோர்ட்டில் குட்டைப் பாவாடையோடு பெண்கள் ஆடினார்கள்.

"மாமி கூடெ உண்டாயிருந்நோ டாக்டரே?"

குட்டன் பிள்ளைதான். மறுபடியும் சிரிப்பு. முன்வரிசையில் மாமிதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள்.

பெட்டி காலியானதும் விளக்கைப் போடப் போனேன். டாக்டர் தடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்துக் கொடுத்தார். ரோலில் மிச்சமிருந்ததைத் திரும்பி வந்தபின் இங்கே எடுத்தாராம்.

அவரே கொடுத்ததால் நான் பார்க்காமல் போட்டேன்.

திரையில் அம்மா நின்றாள்.

எங்கள் கிளப்பில் கோர்ட்டுக்குச் சாணி மெழுகுகிறவள் என் அம்மா, பேச்சி. விடிவதற்கு முன் வந்து எட்டரை மணிக்குள் போய்விடுவாள். நான் பத்து மணிக்கு வருவேன். அவள் என் அம்மா என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டு கையிலும் முழங்கை வரை சாணி. சேலையில் படாமல் கைகளை அகற்றி வைத்துக்கொண்டு, காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். முன்பல் இல்லாததால் எப்போதும் சிரிப்பைக் கையால் மூடிக்கொள்வாள். படத்தில் மூட முடியவில்லை.

அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஸ்பெயினிலும் சாணகமோ?" என்றார் குட்டன் பிள்ளை. ஹாலே அதிர்ந்தது.

டாக்டர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"இது நம்ம ரெண்டாம் கோர்ட் ஓய். அங்க கிளப்புல அவா கேட்டா, உங்க ஊர்ல தரைக்கு என்ன போடறேள்னு. சாணின்னேன். ஒருத்தரும் நம்பலை. அவாளுக்கு அனுப்பத்தான் எடுத்தேன். நாம தினம் இவ மெழுகின தரையிலதான் ஆடறோம். இவ யாருன்னு இங்க யாருக்காவது தெரியுமோ?"

டாக்டர் திரையைப் பார்த்தபடியே மறுபடியும் கேட்டார்:

"வேல்சாமி, உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது சார்."

தயங்கிச் சொன்னேன் என்று எழுதத் தோன்றுகிறது. அது பொய். உடனே சொன்னேன். குரல் கூட நடுங்கவில்லை.

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "சரி, லைட்டைப் போடு" என்றார்.

கை தட்டினார்கள். காப்பி வந்தது. நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து, அந்த ஸ்லைடைத் தானே கழற்றி என் கையில் வைத்தார்.

"இன்னொரு காப்பி போட்டு அவாளுக்கு அனுப்பியாச்சு. இதை அம்மாகிட்ட குடுத்துடு."

நான் நிமிர்ந்தபோது அவர் மாமியோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

சாலைக் கடைத்தெரு வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் என்னைக் கேட்டிருக்கிறார். எப்படித் தெரியும் என்பதை மட்டும் வழி முழுக்க யோசித்தேன். யோசிக்க வேண்டியது அதுவல்ல என்பதும் தெரிந்தது.

அம்மா சாப்பிடாமல் இருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏல, எம்படம் காட்டினாவளா?"

"ம்."

"ஸாரு அங்க வச்சு உன்கிட்ட ஒண்ணும் கேக்கலியே?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"படம் புடிக்கும்போ வாயி தவறிட்டுலே. எம்பய ஒங்க ஆப்பீஸ்லதான் இருக்கான் ஸாரேன்னு சொல்லிட்டேன். நீ சொல்லப்பிடாதுன்னு சொன்னது பொறவுதான் நெனவு வந்துச்சு. அன்னையிலேருந்து பயந்து கெடக்கேன். கேட்டாரா?"

"இல்லம்மா."

"நல்லது. நான் உம்பேரக் கெடுத்துட்டேன்னுல்லா நெனச்சேன்."

இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

ஸ்லைடு சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுத்தால் டாக்டர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்று கேட்பாள். கொடுக்கவில்லை.

நாளைய வேலை: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டாக்டரும் குட்டன் பிள்ளையும் இரண்டாம் கோர்ட்டில் ஆடுவார்கள். அம்மா மூன்றாம் கோர்ட்டை மெழுகிக்கொண்டிருப்பாள். ஆபீஸ் விடுமுறை. ஏழு மணிக்குள் ஸ்லைடோடு அங்கே போய், அவர்கள் முன்னால் அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.