பட்டம் வாங்குற வரைக்கும்

"மூச்சு விடுடி ரெனிட்டா. குலுக்கல்தானே, ஆபரேஷன் இல்லையே" என்றாள் டோன்யா.

பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. மேடையில் பிங்கோ ஆட்டத்தில் சுற்றுவார்களே, அதுபோல ஒரு கம்பிக்கூண்டு. அதற்குள் மூன்று வயதுப் பிள்ளைகளின் பெயர்கள்.

வாஷிங்டனில் ஆற்றுக்குக் கிழக்கே குடியிருப்பவர்களுக்கு இந்தச் சார்ட்டர் பள்ளியில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அரசாங்கப் பணத்தில் நடப்பதால் ஃபீஸ் கிடையாது. ஆனால் குலுக்கலில் பெயர் வரவேண்டும். மழலை வகுப்பில் ஒருமுறை நுழைந்துவிட்டால் பிறகு கவலையில்லை. அதே நிர்வாகத்தின் நடுநிலைப் பள்ளி, அப்புறம் உயர்நிலைப் பள்ளி, கடைசியில் தொப்பியும் அங்கியுமாகப் பட்டமளிப்பு மேடை என்று பிள்ளை தானாக ஏறிப் போய்விடும்.

மகள் நைலா வயிற்றில் இருக்கும்போதே ரெனிட்டா இந்தத் திட்டத்தைப் போட்டுவிட்டாள். தொட்டில் வாங்கும் முன்பே பள்ளிக்கூடம் பார்க்கப் போனவள் என்று தெருவே கிண்டல் செய்தது. அதிலும் டோன்யாவின் கிண்டல் தாங்க முடியாது. ரெனிட்டா கண்டுகொள்ளவில்லை. தெருமுனைப் பள்ளியில் படித்துப் பத்தாவதோடு நின்றவள் அவள். மகளும் அப்படி நிற்கக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

நைலா இப்போது டோன்யாவின் மடியில் உட்கார்ந்து, அவள் வாங்கி வந்த கோழி இறக்கையிலிருந்து சாஸை நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க? எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்லடி."

ஒன்றுமில்லாமல் என்ன? அந்தக் கூண்டுக்குள் டோன்யாவின் மகள் கைராவின் பெயர் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணமே ரெனிட்டாதான்.

குளிர்காலத்தில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் டோன்யா கேட்டாள், கைராவுக்கும் பதிந்து பார்க்கலாமா, கடைசித் தேதி என்ன என்று. பள்ளி விஷயம் என்றால் அந்தத் தெருவில் எல்லோரும் ரெனிட்டாவைத்தான் கேட்பார்கள். கண்ணை இமைக்காமல் மார்ச் கடைசி என்று சொல்லிவிட்டாள். பதிவு பிப்ரவரியோடு முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். கூண்டுக்குள் ஒரு பெயராவது குறையட்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது. அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்பிலிருந்து கூடவே வரும் சிநேகிதியிடம் அப்படித் தோன்றியதே என்று அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

தேதி போய்விட்டது என்று தெரிந்தபோது டோன்யா சண்டைக்காவது வந்திருக்கலாம். வரவில்லை. தேதி மாறியிருக்கும், விடு என்றாள். குலுக்கலன்று ஆஸ்பத்திரி கேன்டீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நீ தனியாகப் போகாதே, நானும் வருகிறேன் என்று வந்து நின்றாள்.

கூண்டு சுற்ற ஆரம்பித்தது. பெயர்கள் வர வர ஆங்காங்கே அம்மாக்கள் எழுந்து குதித்தார்கள், சிலர் அழுதார்கள். இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாக ஒரே ஓர் இடம் பாக்கி என்று மைக்கில் சொன்னார்கள். ரெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நைலா பிக்கெட்."

முதலில் எழுந்து குதித்தவள் டோன்யா. குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூட்டம் முழுவதற்கும் காட்டினாள். ரெனிட்டாவுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. கைராவின் பெயரும் உள்ளே இருந்திருந்தால் அந்தக் கடைசிச் சீட்டு அவளுடையதாக இருந்திருக்குமோ என்னவோ. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

வெளியே வாசலுக்கு வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அடுத்த வருஷம் கைராவுக்கு நானே எல்லாம் பதிஞ்சு தர்றேன்டி."

"அடுத்த வருஷம் எதுக்கு? அவளும் இந்த ஆகஸ்ட்லயே சேர்றா" என்று சிரித்தாள் டோன்யா.

இந்தப் பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். இங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குக் குலுக்கல் இல்லையாம். போன வாரம்தான் கையெழுத்துப் போட்டாளாம்.

ரெனிட்டா டோன்யாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். யாருக்கும் எதுவும் போகவில்லை. இனி அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை, அது தன்னோடு போகட்டும். அப்படி நினைத்ததுமே பிழைத்தோம் என்றிருந்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

டோன்யா குனிந்து நைலாவின் கோட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். நிமிராமலே பேசினாள்.

"நீ தேதி சொன்ன மறுவாரமே இங்க வேலை கேட்டு வந்தேன்டி. இதோ, இந்தக் கதவுலதான் பெருசா ஒட்டியிருந்தாங்க, பிப்ரவரியோட முடியுதுன்னு. அப்ப இன்னும் நாள் இருந்துச்சு. வேலை கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயமாத்தான் இருந்தது. ஆனாலும் நைலாவுக்குப் போட்டியா கைரா பேரு எதுக்குன்னு விட்டுட்டேன்."



டோன்யா நிமிர்ந்து, நைலாவின் கையைப் பிடித்து ரெனிட்டாவிடம் கொடுத்தாள்.

"நீயா சொல்லுவேன்னுதான் இன்னைக்கு வரைக்கும் பார்த்தேன். அவசரமில்லடி. இனிமே தினமும் காலைல இந்த வாசல்லதானே பாத்துக்கப் போறோம். இதுங்க ரெண்டும் பட்டம் வாங்குற வரைக்கும் டைம் இருக்கு."