உடும்பு கொளுத்திய ஊர்

ஸ்டூடியோவின் பின்பக்க மைதானத்தில் ஒரு நகரமே எரிந்து கிடந்தது. அட்டையிலும் பிளாஸ்டரிலும் ஆளுயரத்துக்குக் கீழாகச் செய்த மாடிக் கட்டிடங்கள். பாதி கரி. மீதிப் பாதி தப்பியதே பெரிய விஷயம்.

இன்ஸ்பெக்டர் முன்னால் உடும்பு நின்றான்.

தொழிற்சாலைக் கழிவைக் குடித்து மலை மாதிரி வீங்கிய உடும்பு ஒரு நகரத்தைத் துவம்சம் செய்வதுதான் படத்தின் கதை. அந்த ரப்பர் தோலுக்குள் புகுந்து நடிப்பவன் இவன். பட்டப்பெயரும் அதுவே ஆகிவிட்டது. இப்போது தலையை மட்டும் கழற்றியிருந்தார்கள். வால் கருகியிருந்தது.

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நீ மட்டும் ஏன்டா இங்க இருந்தே?"

"ஜிப்பு முதுகுல இருக்கு சார், நானா கழட்ட முடியாது. அதனால மத்தியானத்துல இப்படியே ஒரு ஓரமா படுத்துடுவேன். தூங்கிட்டேன்."

"நேத்து தயாரிப்பாளர்கிட்ட 'உங்க ஊரையே கொளுத்திடுவேன்'னு கத்தினியாமே?"

"உள்ள வேகுதுன்னு ஒரு ஃபேன் கேட்டேன் சார். தரல. வாய் தவறிடுச்சு."

இன்ஸ்பெக்டர் ரப்பர் நகத்தை மோந்து பார்த்தார். மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது.

அந்த நகரத்தை ஜன்னல் ஜன்னலாக ஒட்டிக் கட்டியவர் இவன் மனைவியின் அண்ணன். கரிந்த ஒரு மாடியைக் கையில் ஏந்தியபடி அவர் முன்னால் வந்தார்.

"எப்படியும் நாளைக்கு நீதானே மிதிக்கப் போறே மாப்ளே, அதுக்குள்ள என்ன அவசரம்? நீ ஜெயிலுக்குப் போனா தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீங்களுமா மச்சான்? தீக்குச்சி கிழிக்கிற விரலா இது?" வாழைப்பழம் போன்ற மூன்று நகங்களையும் விரித்துக் காட்டினான்.

தயாரிப்பாளர்தான் இளகினார். புகைக்குள் பாய்ந்து, வாலைப் பிடித்து இவனை வெளியே இழுத்துப் போட்டவரே அவர்தான்.

"பாவம் சார், குடும்பஸ்தன். ஏதோ கோவத்துல பண்ணிட்டான். அடிகிடி வேணாம். இன்சூரன்ஸ் வந்துடும், நான் சமாளிச்சுக்கறேன்."

உடும்பு அவர் காலில் விழப் பார்த்தான். ரப்பர் தொப்பை இடித்தது, குனிய முடியவில்லை.

"ஏறுடா வண்டியில."

ஏறினான். வால் ஏறவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் அதை மடித்துத் திணித்துக்கொண்டிருந்தபோது கேமராமேன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், ஒரு நிமிஷம்! கட்டிடத்தோட நிழல் மெல்ல நகர்ற ஷாட் ஒண்ணு வேணும்னு, அந்தத் தெருக்கோடியில தரையோட தரையா கேமராவை வச்சு, தானா ஓடவிட்டுட்டுத்தான் சாப்பிடப் போனேன். இதைப் பாருங்க."

எல்லோரும் கேமராவின் சின்னத் திரைமேல் குனிந்தார்கள். ஆளில்லாத தெரு. நிழல் ஊர்ந்தது. திடீரென்று நகரமே அதிர்ந்தது.

பத்து மாடிக் கட்டிடங்களுக்கு மேலே தலை தெரிய, கையில் மண்ணெண்ணெய் டின்னோடு, மேம்பாலத்தை ஒரே எட்டில் தாண்டி நகரத்துக்குள் வந்தார் தயாரிப்பாளர்.